கொடையாளரின் ரத்தத்தில் எதிர்ப்பொருள் தேடுவது எதற்காக?

இரண்டு குழந்தைகளுக்குத் தாயான ஒருவர் முதன்முறையாக ரத்த தானம் செய்திருக்கிறார். சில நாட்கள் கழித்து ரத்த வங்கியிலிருந்து அவருக்குக் கடிதம் வந்திருக்கிறது. அவருடைய பிளாஸ்மாவில் (ரத்தத்தின் திரவப் பகுதியில்) 'ஆன்டி-கே' என்னும் சிவப்பணு எதிர்ப்பொருள் (குறிப்பிட்ட வகைச் சிவப்பணுக்களைத் தாக்கும் புரதம்) இருப்பதாகவும், அந்தப் பிளாஸ்மாவை நோயாளிகளுக்குச் செலுத்த இயலாது என்றும் அதில் எழுதியிருந்ததாம். "இது ஏதேனும் நோயா? ரத்தம் ஏற்றுவதற்கு முன் நோயாளியின் ரத்தத்தோடு பொருத்தம் பார்க்கத்தானே செய்கிறார்கள்? அப்படியிருக்க, கொடுப்பவரின் ரத்தத்தில் எதிர்ப்பொருள் தேட வேண்டிய தேவை என்ன?" என்று கேட்கிறார்.

முதல் கேள்விக்கு ஒரு சொல்லில் விடை சொல்லிவிடலாம்: இல்லை. இது நோயுமல்ல, தொற்றுமல்ல, உடலில் ஏற்பட்ட குறையுமல்ல. இரண்டாவது கேள்வி அவ்வளவு எளிதன்று. ரத்த வங்கிப் பணியில் புதிதாகச் சேர்கிறவர்களும் அதையே கேட்பதுண்டு என்பதால் சற்று விரிவாகவே விடை எழுதுகிறேன்.

நம் சிவப்பணுக்களின் மேற்பரப்பில் ஏ, பி, டி என்று நாம் அறிந்தவை மட்டுமல்லாமல், முந்நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட ஆன்டிஜென்கள் (எதிர்ப்பொருள் உருவாவதைத் தூண்டவல்ல அடையாளப் பொருட்கள்) இதுவரை அடையாளம் காணப்பட்டுள்ளன. ஏபிஓ வகையில் மட்டும் ஒரு தனித்தன்மை உண்டு. ஏ பிரிவினரின் பிளாஸ்மாவில் ஆன்டி-பியும் (பி ஆன்டிஜெனுக்கு எதிரான பொருள்), பி பிரிவினரிடம் ஆன்டி-ஏயும், ஓ பிரிவினரிடம் இரண்டும், வேற்று ரத்தம் உடலுக்குள் நுழையாமலே குழந்தைப் பருவத்தில் தாமாக உருவாகிவிடுகின்றன. ஆகவே அவை எதிர்பார்க்கப்படும் எதிர்ப்பொருட்கள். ஆர்எச், கெல், டஃபி, கிட் போன்ற மற்ற வகைகளில் அப்படியில்லை. ஒருவரிடம் இல்லாத ஆன்டிஜென் கருவுற்றிருக்கும்போது சிசுவின் ரத்தத்தின் வழியாகவோ, முன்பு ஏற்றப்பட்ட ரத்தத்தின் வழியாகவோ உடலுக்குள் வரும்போதுதான் அதற்கு எதிரான பொருள் உருவாகும். அதுவும் எல்லோருக்கும் உருவாவதில்லை. இவற்றைத்தான் ரத்த வங்கியில் 'எதிர்பாராத எதிர்ப்பொருட்கள்' என்கிறோம். கொடையாளர்களில் பொதுவாக நூற்றில் ஒருவருக்கும் குறைவானவர்களிடமே இவை காணப்படுகின்றன. கடிதம் பெற்ற உங்களிடம் உள்ள ஆன்டி-கேயும் அவற்றில் ஒன்று.

இனி பொருத்தம் பார்ப்பதைப் பற்றிச் சொல்கிறேன். கிராஸ்மேட்ச் என்ற சோதனையில் கொடையாளரின் சிவப்பணுக்களை நோயாளியின் பிளாஸ்மாவோடு சேர்த்துப் பார்க்கிறோம். ஏற்றப்படும் அணுக்களை நோயாளியின் எதிர்ப்பொருள் தாக்குமா என்ற ஒரு கேள்விக்கு மட்டுமே அது விடை தரும். கொடையாளரின் பிளாஸ்மாவில் உள்ள எதிர்ப்பொருள் நோயாளியின் அணுக்களைத் தாக்குமா என்பது எதிர்த்திசைக் கேள்வி. முன்பு அதற்கெனவே, கொடையாளரின் பிளாஸ்மாவை நோயாளியின் அணுக்களோடு சேர்த்துப் பார்க்கும் 'மைனர் கிராஸ்மேட்ச்' என்ற தனிச் சோதனை வழக்கத்தில் இருந்தது. ஒவ்வொரு நோயாளிக்கும் ஒவ்வொரு பைக்கும் அதைத் திரும்பத் திரும்பச் செய்வதைவிட, ரத்தம் பெற்ற அன்றே கொடையாளரின் பிளாஸ்மாவை ஒரு முறை நன்றாகச் சோதித்துவிட்டால் போதும் என்ற அடிப்படையில்தான் அந்தச் சோதனை கைவிடப்பட்டது. அதாவது, மைனர் கிராஸ்மேட்ச் செய்துவந்த வேலையை இன்று கொடையாளர் எதிர்ப்பொருள் சோதனைதான் தாங்கி நிற்கிறது. அந்தச் சோதனையையும் விட்டுவிட்டால், எதிர்த்திசையைப் பார்க்கும் கண்ணே இல்லாமல் போய்விடும்.

இந்த இடத்தில் எழக்கூடிய ஒரு நியாயமான மறுப்பை ஒதுக்கிவிடக் கூடாது. இக்காலத்தில் முழு ரத்தத்தைப் பெரும்பாலும் அப்படியே ஏற்றுவதில்லை. பிளாஸ்மாவைப் பிரித்தெடுத்துவிட்டு, அணுக்களைப் பாதுகாக்கும் கரைசலைச் சேர்த்த சிவப்பணுப் பையைத்தான் ஏற்றுகிறார்கள். அதில் எஞ்சியிருக்கும் பிளாஸ்மா ஏறத்தாழ 10 முதல் 30 மி.லி. மட்டுமே. வளர்ந்த ஒருவரின் உடலில் 3 லிட்டர் அளவுக்குப் பிளாஸ்மா ஓடிக்கொண்டிருக்க, அதில் 20 மி.லி. கலந்தால் எதிர்ப்பொருள் நூற்றைம்பதில் ஒரு பங்காக நீர்த்துப்போகும். பெரும்பாலான நேரங்களில் ஒரு தீங்கும் நேராது என்பது உண்மைதான். இதை மறைத்துவிட்டு அச்சமூட்டுவது சரியன்று.

ஆனால் கொடையாளரிடமிருந்து பெறும் ரத்தம் ஒரு பையோடு முடிந்துவிடுவதில்லை. பிரித்தெடுத்த பிளாஸ்மா தனியாக 200 முதல் 250 மி.லி. வரை உறைநிலையில் சேமிக்கப்பட்டு, எவ்வித நீர்ப்பும் இல்லாமல் இன்னொருவருக்குச் செலுத்தப்படுகிறது. இயந்திரத்தின் வழியாகத் தேவையான பகுதியை மட்டும் பிரித்தெடுக்கும் அஃபெரிசிஸ் முறையில் எடுக்கும் தட்டணுப் பையிலும் கிட்டத்தட்ட அதே அளவு பிளாஸ்மா இருக்கலாம். கடும் ரத்தப்போக்கு உள்ளவருக்கு இத்தகைய பைகள் அடுத்தடுத்துச் செல்லும்போது மேலே சொன்ன கணக்கு பொருந்தாது. அப்போது இன்னொரு சிக்கலும் சேர்ந்துகொள்ளும். ஒரு கொடையாளரின் பிளாஸ்மாவில் ஆன்டி-கே இருந்து, அதே நோயாளிக்கு ஏற்றப்படும் வேறொரு கொடையாளரின் அணுக்களில் கே ஆன்டிஜென் இருந்தால், நோயாளிக்கு அதில் எந்தப் பங்கும் இல்லாமலே இரு கொடையாளர்களின் ரத்தமும் அவர் உடலுக்குள் மோதிக்கொள்ளும். நோயாளியோடு ஒவ்வொரு பையையும் தனித்தனியே பொருத்திப் பார்த்தாலும் இது வெளிப்படாது.

குழந்தைகளின் நிலை இதைவிடக் கவனத்துக்குரியது. ஒரு கிலோ எடையுள்ள குறைமாதக் குழந்தையின் உடலில் இருக்கும் ரத்தம் முழுவதையும் கணக்கிட்டாலும் ஏறத்தாழ 90 முதல் 100 மி.லி.தான். அதில் பாதியளவே பிளாஸ்மா. தாயின் எதிர்ப்பொருள் குழந்தையின் சிவப்பணுக்களைச் சிதைப்பதால் வரும் கடும் மஞ்சள் காமாலைக்காகச் செய்யப்படும் ரத்த மாற்றுச் சிகிச்சையில் குழந்தையின் ரத்த அளவைப் போல இரு மடங்கு செலுத்தப்படுவதால், அதன் உடலில் ஓடும் ரத்தத்தில் பெரும்பகுதி கொடையாளருடையதாகிவிடுகிறது. தாயின் எதிர்ப்பொருளிலிருந்து காப்பாற்றச் செய்யும் சிகிச்சையில் வேறொருவரின் எதிர்ப்பொருளை ஏற்றிவிடுவது எவ்வளவு பெரிய பிழை! இந்த ஒரு காரணத்துக்காகவே இச்சோதனையை எல்லாக் கொடையாளர்களுக்கும் செய்ய வேண்டும் என்பேன்.

அணுக்கள் சிதையாவிட்டாலும் குழப்பம் ஏற்படக்கூடும். ஆன்டி-டி கொண்ட கொடையாளரின் தட்டணுக்களை ஆர்எச் நெகட்டிவ் ஆன (டி ஆன்டிஜென் இல்லாத) ஒரு பெண்ணுக்கு ஏற்றினால், அடுத்த சில வாரங்களுக்கு அவருடைய ரத்தத்திலேயே ஆன்டி-டி இருப்பதுபோல் சோதனை காட்டலாம். அதை அவர் உடல் தானே உருவாக்கியது என்று தவறாக எண்ணி, கருவுற்ற நேரத்தில் அவர் உடல் ஆன்டி-டியை உருவாக்காமல் தடுக்கக் கொடுக்க வேண்டிய ஆன்டி-டி தடுப்பூசியை நிறுத்திவிட்டால், அதன் விளைவு அடுத்தடுத்த குழந்தைகளின் மேல் விழும்.

நோயாளிக்கும் கொடையாளருக்கும் எதிர்ப்பொருள் சோதனை ஒன்றேபோல் தோன்றினாலும், எந்த அளவுக்கு நுட்பமாகத் தேட வேண்டும் என்பதில் வேறுபாடு உண்டு. நோயாளியின் எதிர்ப்பொருள் வேரோடு நிற்கும் செடி போன்றது. இன்று கண்ணுக்குத் தெரியாத அளவு இருந்தாலும், பொருந்தாத ரத்தத்தை ஏற்றிய சில நாட்களில் நோயெதிர்ப்பு நினைவாற்றலால் தழைத்துவிடும். கொடையாளரின் எதிர்ப்பொருளோ ஒடித்த கிளை. ஏற்றிய அளவுக்கு மேல் அது பெருகாது, நாளாக ஆகக் குறைந்தே போகும். (உறுப்பு மாற்றுச் சிகிச்சை இதற்கு ஒரு விதிவிலக்கு. கொடுத்தவரின் நிணநீர் அணுக்கள் உறுப்போடு சேர்ந்து போய், பெற்றவரின் உடலில் சிறிது காலம் எதிர்ப்பொருளை உற்பத்தி செய்வதுண்டு.) எனவேதான் நோயாளிக்கு இரண்டு அல்லது மூன்று பேரின் ஸ்கிரீனிங் செல்களை (ஆன்டிஜென்கள் எவை என்று முன்பே தெரிந்த சோதனைச் சிவப்பணுக்களை) தனித்தனியாகப் பயன்படுத்த வேண்டும் என்று வலியுறுத்தும் வழிகாட்டு நெறிகள், கொடையாளருக்கு இருவரின் செல்களை ஒன்றாகக் கலந்து பயன்படுத்த இடம் கொடுக்கின்றன. கலக்கும்போது ஒவ்வொரு ஆன்டிஜெனின் அளவும் குறைவதால் மிக வலுக்குறைந்த எதிர்ப்பொருள் தப்பிவிடலாம். கொடையாளரிடம் அந்த அளவு எதிர்ப்பொருள் யாருக்கும் கேடு செய்யாது என்பதால் அது ஏற்கத்தக்கதே. இந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்ளாமல் கொடையாளருக்கான கலவைச் செல்களை நோயாளிக்குப் பயன்படுத்துவதுதான் ஆபத்து.

சோதனையின் அடிப்படையைச் சொல்லிவிடுகிறேன். ஸ்கிரீனிங் செல்கள் எப்போதும் ஓ பிரிவைச் சேர்ந்தவையாக இருக்கும். அப்போதுதான் யாருடைய ஆன்டி-ஏயும் ஆன்டி-பியும் குறுக்கிடாது. ஆர்எச், கெல், டஃபி, கிட், எம்என்எஸ் முதலிய வகைகளில் முக்கியமான ஆன்டிஜென்கள் எல்லாம் அந்தச் செல்களில் எங்கேனும் இருக்குமாறு கொடையாளர்களைத் தேர்ந்தெடுப்பார்கள். பிளாஸ்மாவையும் செல்களையும் சேர்த்து 37 டிகிரி செல்சியஸில் வைத்தால், எதிர்ப்பொருள் இருக்கும் பட்சத்தில் அது செல்களின் மேல் படியும். ஆனால் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. ஐஜிஎம் வகை எதிர்ப்பொருள் பெரியது. அது செல்களைத் தானே பிணைத்துத் திரட்டிவிடும். ஐஜிஜி வகை சிறியது. செல்கள் தம் எதிர்மின்னூட்டத்தால் ஒன்றையொன்று விலக்கி நிற்கும்போது, அந்த இடைவெளியைக் கடந்து பிணைக்க அதற்கு எட்டாது. கேடு விளைவிக்கும் எதிர்ப்பொருட்களில் பெரும்பாலானவை இந்தச் சிறிய வகையே.

ஐஜிஜியைக் காணும்படி செய்த வழிதான் கூம்ஸ் சோதனை. 1945-இல் ராபின் கூம்ஸ், ஆர்தர் மோரன்ட், ராபர்ட் ரேஸ் ஆகிய மூவரும் இதை வெளியிட்டார்கள். இதே கருத்தை இத்தாலியரான கார்லோ மொரெஷி 1908-லேயே எழுதியிருந்தும் அது கவனிக்கப்படாமல் கிடந்தது. செல்களை உப்புநீரில் நன்கு கழுவிவிட்டு, மனித ஐஜிஜிக்கு எதிரான எதிர்ப்பொருளைச் சேர்த்தால், அது படிந்திருக்கும் ஐஜிஜிகளுக்கிடையே பாலமாக நின்று செல்களைத் திரட்டிக் காட்டுகிறது. இந்தச் சோதனை கைக்கு வந்த பிறகுதான் 1946-இல் கெல், 1950-இல் டஃபி, 1951-இல் கிட் என்று வரிசையாக ரத்த வகைகள் வெளிப்பட்டன. உங்கள் கடிதத்தில் உள்ள கே, அந்தக் கெல் வகையின் ஆன்டிஜென்.

சோதனைக் குழாயில் செய்யும்போது கழுவுதல்தான் உயிர்நாடி. பிளாஸ்மாவின் மிச்சம் சிறிதளவு தங்கினாலும், அதிலுள்ள கட்டற்ற ஐஜிஜி கூம்ஸ் திரவத்தை (ஐஜிஜிக்கு எதிரான அந்த எதிர்ப்பொருளை) முழுவதும் விழுங்கிவிடும். அப்போது எதிர்ப்பொருள் இருந்தும் இல்லை என்றே தெரியும். அதனால்தான் 'இல்லை' என்று வந்த ஒவ்வொரு குழாயிலும், ஏற்கெனவே ஐஜிஜி பூசிய கட்டுப்பாட்டுச் செல்களைச் சேர்த்துப் பார்க்கிறோம். அவை திரண்டால் மட்டுமே 'இல்லை' என்ற விடை செல்லும். திரளாவிட்டால் முதலிலிருந்து மறுபடி செய்ய வேண்டும். வேலை மிகுந்த நாளில் இந்தக் கடைசிப் படியை விட்டுவிடத் தோன்றும். அதைவிடப் பெரிய தவறு சோதனை மேசையில் வேறு இல்லை. குழாய்க்குப் பதிலாக ஜெல் நிரப்பிய அட்டையில் செய்யும் ஜெல் கார்டு முறையில் கழுவும் படியே கிடையாது என்பது அதன் பெரிய நன்மை.

எல்லாவற்றையும் கண்டுபிடிக்கும் சோதனை என்றும் இதைச் சொல்லிவிட முடியாது. ஸ்கிரீனிங் செல்களில் இல்லாத ஆன்டிஜெனுக்கு எதிரான பொருளை அந்தச் செல்களால் காட்ட இயலாது. தென்கிழக்கு ஆசியாவிலும் தைவானிலும் பலரிடம் காணப்படும் எம்ஐ-ஏ ஆன்டிஜென் ஐரோப்பிய வம்சாவளியினரிடம் மிக அரிது. ஐரோப்பாவில் தயாரித்த செல்களை மட்டும் வைத்துச் சோதித்தால், அப்பகுதி மக்களிடம் உள்ள ஆன்டி-எம்ஐ-ஏ கண்ணில் படாமல் போகும். எனவே எந்த மக்களின் ரத்தத்தைச் சோதிக்கிறோமோ அவர்களுக்கேற்ற செல்களைத் தேர்ந்தெடுப்பது முக்கியம்.

இச்சோதனை எதிர்பாராமல் செய்யும் ஒரு பெரிய உதவியையும் சொல்ல வேண்டும். 1952-இல் பம்பாயில் முதன்முதலாக விவரிக்கப்பட்டதால் 'பம்பாய் வகை' என்று அழைக்கப்படும் ரத்தம் உள்ளவர்களின் சிவப்பணுக்களில் ஏ, பி மட்டுமல்ல, அவற்றுக்கு அடித்தளமான எச் ஆன்டிஜெனும் இல்லை. வழக்கமான பிரிவுச் சோதனையில் அவர்கள் ஓ பிரிவினராகவே தெரிவார்கள். ஆனால் அவர்களின் பிளாஸ்மாவில் உள்ள வலிமையான ஆன்டி-எச், உண்மையான ஓ பிரிவினரின் செல்கள் உட்பட ஏறக்குறைய எல்லோருடைய செல்களையும் உடலின் வெப்பத்திலேயே சிதைக்கக்கூடியது. பிரிவுச் சோதனையில் ஓ செல்களையும் சேர்த்துப் பார்க்காத இடங்களில், ஸ்கிரீனிங் செல்கள் அனைத்தும் வலுவாகத் திரள்வதும், கொடையாளரின் சொந்தச் செல்கள் மட்டும் திரளாமல் இருப்பதும்தான் முதல் அறிகுறி. அங்கே இச்சோதனை இல்லையென்றால், அந்தப் பிளாஸ்மா 'ஓ' என்ற முத்திரையோடு யாருக்காவது போய்ச் சேரும். அதைவிட வருந்தத்தக்கது, தமக்கு ஓ ரத்தத்தைக்கூட ஏற்றக் கூடாது என்பதை அந்தக் கொடையாளர் அறியாமலே இருந்துவிடுவார்.

யாரையெல்லாம் சோதிப்பது என்பதில் நடைமுறை ஒன்றுபோல் இல்லை. கருவுற்றிருந்தவர்கள், முன்பு ரத்தம் ஏற்றிக்கொண்டவர்கள் ஆகியோரை மட்டும் சோதிப்பது ஒரு வழி. எல்லோரையும் சோதிப்பது இன்னொரு வழி. முதல் வழி கொடையாளரின் நினைவை நம்பியிருக்கிறது. கைக்குழந்தையாக இருந்தபோது ரத்தம் ஏற்றப்பட்டது பலருக்குத் தெரியாது. தாமே அறியாமல் கலைந்த கருவை யாரும் படிவத்தில் எழுத முடியாது. ஆன்டி-எம் போன்ற சில எதிர்ப்பொருட்கள் இவை எதுவும் இல்லாமலும் உருவாகின்றன. பம்பாய் வகையினருக்கோ எந்த முன்கதையும் தேவையில்லை. செலவு கூடுதல் என்பதை மறுக்கவில்லை. ஆயினும் எல்லோரையும் சோதிப்பதே சரி என்பது என் முடிவு.

சோதனையில் 'உண்டு' என்று வந்தால், பத்துக்கும் மேற்பட்ட செல்கள் கொண்ட பேனலில் வைத்து அது எந்த எதிர்ப்பொருள் என்று இனங்காண்கிறார்கள். கொடையாளரின் செல்களில் அதே ஆன்டிஜென் இல்லை என்பதையும் உறுதி செய்கிறார்கள். அதன் பிறகு பிளாஸ்மாவும் தட்டணுக்களும் நோயாளிகளுக்குக் கொடுக்கப்படுவதில்லை. சிவப்பணுக்களை எதிர்ப்பொருளின் பெயரைக் குறிப்பிட்டோ, கழுவியோ வழங்கும் வழக்கம் பல இடங்களில் உண்டு. சில இடங்களில் அதையும் தவிர்த்துவிடுகிறார்கள். ஓ பிரிவினரின் பிளாஸ்மாவில் ஆன்டி-ஏ, ஆன்டி-பி அளவுக்கு மீறி இருக்கிறதா என்று பார்க்கும் டைட்டர் சோதனையும், நுரையீரல் பாதிப்போடு தொடர்புடைய எச்எல்ஏ (வெள்ளணுக்களில் உள்ள ஆன்டிஜென்) எதிர்ப்பொருள் சோதனையும் இதிலிருந்து வேறானவை. பெயரில் ஒற்றுமை இருப்பதால் இவற்றை ஒன்றாக எண்ணிவிட வேண்டாம்.

இனி, உங்களுக்கு. கே ஆன்டிஜென் கொண்ட சிசுவைச் சுமந்ததாலோ, பிரசவத்தின்போது ரத்தம் ஏற்றியிருந்தால் அதனாலோ இந்த ஆன்டி-கே வந்திருக்கலாம். இதனால் உங்கள் அன்றாட உடல்நலத்துக்கு எந்தப் பாதிப்பும் இல்லை. உங்கள் சொந்த அணுக்களில் கே இல்லாததால் அது உங்களைத் தாக்காது. ஆனால் எதிர்காலத்தில் உங்களுக்கு ரத்தம் ஏற்ற நேர்ந்தால் கே இல்லாத ரத்தம்தான் வேண்டும். ஐரோப்பிய வம்சாவளியினரில்கூட ஏறத்தாழ 9 விழுக்காட்டினரிடம் மட்டுமே கே உள்ளது, ஆசியர்களிடம் இன்னும் அரிது. ஆகவே கிடைப்பது கடினமன்று, முன்கூட்டியே தெரிந்திருந்தால் போதும். அந்தக் கடிதத்தையோ, ரத்த வங்கி தரும் அட்டையையோ பத்திரமாக வைத்திருங்கள். ஆண்டுகள் செல்லச் செல்ல எதிர்ப்பொருளின் அளவு சோதனைக்கு எட்டாமல் குறைந்துவிடக்கூடும். அப்போது புதிய மருத்துவமனையில் எடுக்கும் சோதனை 'இல்லை' என்றே சொல்லும். நீங்கள் காட்டும் அட்டை ஒன்றுதான் அவர்களுக்கு உண்மையைச் சொல்லும்.

மீண்டும் கருவுற்றால், முதல் சந்திப்பிலேயே மருத்துவரிடம் இதைத் தெரிவித்துவிடுங்கள். ஆன்டி-கே சிசுவின் சிவப்பணுக்களைச் சிதைப்பதோடு நிற்காமல், எலும்பு மஜ்ஜையில் அவை உருவாவதையே தடுக்கக்கூடியது என்பதால், தொடக்கத்திலிருந்தே கண்காணிக்க வேண்டும். உங்கள் கணவரின் சிவப்பணுக்களில் கே உண்டா என்று பார்ப்பது முதற்படி. அவரிடமும் இல்லையென்றால் சிசுவுக்கு வர வழியில்லை. இத்தகைய சிக்கலைத் தவிர்க்கவே பிரிட்டன் உள்ளிட்ட சில நாடுகளில் குழந்தை பெறும் வயதுடைய பெண்களுக்குக் கே இல்லாத ரத்தத்தையே தேர்ந்தெடுத்து ஏற்றுகிறார்கள்.

மீண்டும் ரத்தம் கொடுக்கலாமா என்பதை உங்கள் ரத்த வங்கியிடம்தான் கேட்க வேண்டும். பல இடங்களில் உங்கள் சிவப்பணுக்களை மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொள்வார்கள். எதிர்ப்பொருள் உள்ள பிளாஸ்மாவைக்கூட ஆய்வகத்தில் சோதனைத் திரவமாகப் பயன்படுத்தக் கேட்பதுண்டு. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஜேம்ஸ் ஹாரிசன் இளவயதில் நடந்த பெரிய அறுவைச் சிகிச்சையில் ஏற்றப்பட்ட ரத்தத்துக்குப் பிறகு வலிமையான ஆன்டி-டி உருவாகப்பெற்றவர். நேரடியாக நோயாளிக்கு ஏற்ற முடியாத அந்தப் பிளாஸ்மாவை அவர் 2018 வரை 1173 முறை கொடுத்தார். ஆர்எச் நெகட்டிவ் தாய்மார்களுக்கான ஆன்டி-டி தடுப்பூசி அதிலிருந்து தயாரிக்கப்பட்டது. உங்கள் ஆன்டி-கேயிலிருந்து அப்படி ஒரு மருந்து செய்ய வழியில்லை. ஆனால் கே ஆன்டிஜெனைக் கண்டறியும் சோதனைக்கு அது உதவக்கூடும். கடிதத்தில் உள்ள எண்ணைத் தொடர்புகொண்டு, எதிர்ப்பொருள் அட்டை வேண்டும் என்று கேட்கும்போது இதையும் சேர்த்துக் கேளுங்கள்.